இரண்டு ஆடிகளுக்கு நடுவே: ஓஎல்இடி திரையின் ஒரு கிளைக்கதை

ஓஎல்இடி திரை கொண்ட செல்பேசி ஒன்றில் எழுத்தும் படமும் இல்லாத வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நேராகப் பாருங்கள். பிறகு மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வெள்ளையில் இலேசாக நீலம் பாயும். சில திரைகளில் பச்சை தட்டும். நம் கல்லூரியின் ஆசிரியர் அறையில் இயற்பியல் துறை நண்பர் ஒருவர் இதைச் செய்துகாட்டியபோது, மலிவான திரையின் குறை என்றே நாம் எண்ணினோம். விலையுயர்ந்த திரைகளிலும் இது உண்டு என்றார் அவர். "குறைதான். ஆனால் தெரிந்தே வாங்கிக்கொண்ட குறை." அந்தச் சொற்றொடர் சில மாதங்கள் நம்மை விடாது துரத்தியது. எதைப் பெறுவதற்காக இதை வாங்கினார்கள், எப்போது, யார் என்று தேடப் போனதில் கிடைத்த வரலாறே இக்கட்டுரை. இலக்கியம் படித்தவர் இயற்பியல் பேசலாமா என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். வரலாறு எல்லோருக்கும் பொது என்பதே நம் சமாதானம்.

முதலில் ஒரு சொல் விவகாரத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பேச்சுத் தமிழில் கண்ணாடி என்பது ஒளி ஊடுருவும் பொருளையும் குறிக்கும், முகம் பார்க்கும் பொருளையும் குறிக்கும். இந்தக் கதையில் இரண்டும் அடிக்கடி வருவதால், எதிரொளிப்பதை ஆடி என்றும், ஊடுருவவிடுவதைக் கண்ணாடி என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு ஆடிகளை எதிரெதிரே, ஒளியின் அலைநீள அளவுக்கு நெருக்கமாக வைத்தால் நடுவில் அமையும் இடைவெளியை நுண்குழி என்று மொழிபெயர்ப்போர் உண்டு. நமக்குக் குழி என்ற சொல் பொருந்தவில்லை. இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒளி பிறந்து, உலவி, வெளியேறும் இடம் அது. நுண்ணறை என்றே இங்கு எழுதுகிறோம்.

அந்த அறை செய்யும் வேலை புல்லாங்குழல் செய்வதைப் போன்றது. ஊதுபவரின் மூச்சில் குறிப்பிட்ட சுரம் எதுவும் இல்லை. வெறும் இரைச்சலே உண்டு. குழலின் நீளமும் திறந்திருக்கும் துளையுமே அந்த இரைச்சலிலிருந்து ஒரு சுரத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்கின்றன. ஒளிரும் கரிம மூலக்கூறும் அவ்வாறே தூய நிறத்தை உமிழ்வதில்லை. ஓஎல்இடி வரலாற்றின் முதல் நாயகனான அலுமினியம் குயினோலின் சேர்மம் பச்சையாக ஒளிர்கிறது என்கிறோம். உண்மையில் நீலப்பச்சை தொடங்கி மஞ்சளையும் தாண்டிச் செல்லும் அகன்ற பட்டை அது. இரண்டு ஆடிகளுக்கு நடுவே வைத்தால், இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளம் மட்டும் ஓங்கும். மற்றவை தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும்.

இந்தத் தத்துவத்தின் முதல் கருவி மார்செய் நகரில் பிறந்தது. சார்ல் ஃபாப்ரி, ஆல்ஃபிரெட் பெரோ என்ற இரு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், மெல்லிய வெள்ளிப்பூச்சு பூசிய இரு கண்ணாடித் தகடுகளை இணையாக நிறுத்தி, ஒளியின் அலைநீளத்தை மிக நுட்பமாக அளக்கும் கருவியைச் செய்தனர். அவர்களுக்கு அது ஓர் அளவுகோல் மட்டுமே. ஒளி வெளியே எங்கோ பிறக்கிறது. இரண்டு ஆடிகளும் அதைச் சலிக்கின்றன. ஒளி பிறப்பதிலேயே ஆடிகளுக்குப் பங்கு இருக்கக்கூடும் என்ற எண்ணம் தோன்ற ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

1946ஆம் ஆண்டு ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில், அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டத்துக்கென அளிக்கப்பட்ட உரைச் சுருக்கங்களுக்கு நடுவே ஒரே ஒரு பத்தி வெளியானது. எழுதியவர் ஹார்வர்டைச் சேர்ந்த எட்வர்ட் பர்செல். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வைக் கண்டறிந்ததற்காக 1952இல் ஃபெலிக்ஸ் பிளாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இன்று மருத்துவமனைகளில் எம்ஆர்ஐ என்று நாம் அறிவது அந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்ததே. அவர் அந்தப் பத்தியில் ஒரு கணக்குப் போடுகிறார். வானொலி அதிர்வெண்ணில் ஆற்றல் ஏறிய ஓர் அணுக்கரு, வெறும் வெளியில் தானாகவே அந்த ஆற்றலை உமிழ்ந்து அடங்க எவ்வளவு காலமாகும்? 5 என்ற எண்ணின் பின் 21 சுழியங்கள் இட்டால் வரும் அத்தனை நொடிகள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அவர் ஓர் ஆச்சரியக்குறி இட்டிருக்கிறார். நியாயமான குறிதான். பிரபஞ்சத்தின் வயதைப் பத்தாயிரம் முறைக்கு மேல் அடுக்கினாலும் அந்தக் காலத்தை எட்ட முடியாது. அதே அணுக்கருக்களைச் சிறிய உலோகத் துகள்களுக்கு நடுவே வைத்தால், அத்துகள்கள் ஒத்ததிர்வுச் சுற்றுகளாகச் செயல்பட, சில நிமிடங்களில் காரியம் முடிந்துவிடும் என்கிறார் பர்செல்.

இதன் உட்பொருள் பெரிது. கிளர்வுற்ற ஓர் அணு எப்போது ஒளியை உமிழும் என்பது அந்த அணுவின் தனிச்சொத்து, அதன் பிறவிக்குணம் என்றே அதுவரை பெரும்பாலோர் கருதினர். அப்படியல்ல, அணு எந்த அறையில் இருக்கிறது என்பதற்கும் அதில் பங்குண்டு என்றது அந்தப் பத்தி. உமிழப்படும் ஒளி சென்றடைய வழிகள் நிறைய இருந்தால் அணு விரைந்து உமிழும். வழிகள் குறைந்தால் காத்திருக்கும். பர்செல் விளைவு என்று இன்று பெயர் பெற்றுவிட்ட இது, அன்று உடனே பேசப்பட்டதாகத் தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இதை அழகாகச் செய்து காட்டியவர், ஜெர்மனியின் மார்பர்க் நகரில் பணியாற்றிய கார்ல் ஹைன்ஸ் ட்ரெக்ஸ்ஹாகே. 1960களின் பிற்பகுதி அது. நீரின் மேல் மிதக்கும் கொழுப்பு அமிலப் படலத்தை ஒரு மூலக்கூறுக் கனத்தில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தகட்டில் அடுக்கும் கலை அதற்கு முன்பே கைவந்திருந்தது. அதற்கு லாங்மியூர், பிளாட்ஜெட் இருவர் பெயரும் வழங்குகிறது. ட்ரெக்ஸ்ஹாகே உலோக ஆடி ஒன்றின் மேல் இப்படலங்களை அடுக்கி, உச்சியில் ஒளிரும் யூரோப்பியச் சேர்மத்தை வைத்தார். படலங்களின் எண்ணிக்கையை மாற்ற மாற்ற, ஆடிக்கும் மூலக்கூறுக்கும் உள்ள தொலைவு சில நானோமீட்டர் கணக்கில் மாறியது. மூலக்கூறின் ஒளிர்வுக் காலமும் அதற்கேற்ப ஏறியிறங்கியது. மூலக்கூறு மாறவில்லை, ஆடி இருக்கும் தொலைவுதான் மாறியது. இவர் பின்னர், 1970களில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஈஸ்ட்மன் கோடாக் ஆய்வகத்தில் லேசர்ச் சாயங்களை ஆராய்ந்தார் என்பதை இங்கே ஓரமாகக் குறித்து வைப்போம்.

ஏனெனில் கதையின் மறுபாதி அதே ஆய்வகத்தில் நிகழ்கிறது. கரிமப் பொருளில் மின்சாரம் பாய்ச்சி ஒளி பெறும் முயற்சிகள் 1950களிலேயே பிரான்சின் நான்சி நகரில் பெர்னனோஸ் குழுவினரால் தொடங்கப்பட்டன. 1963இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் போப்பும் உடனுழைத்தோரும் ஆந்த்ரசீன் படிகத்தை ஒளிரச் செய்தனர். ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் வேண்டியிருந்தது. வீட்டுக்குள் வைக்கும் திரைக்கு அது ஆகாது. ஹாங்காங்கில் பிறந்த சிங் டாங் 1975இல் கோடாக்கில் சேர்ந்து, சூரிய மின்கலங்களுக்காகக் கரிமப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். இரண்டு வெவ்வேறு பொருள்களை மெல்லிய அடுக்குகளாக ஒட்டவைத்தால் பயன் கூடுகிறது என்று மின்கலத்தில் கண்டதை, அவர் திருப்பிப் போட்டார். 1987இல் அவரும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் வெளியிட்ட கட்டுரை 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் பளிச்சென ஒளிரும் டயோடை உலகுக்குக் காட்டியது. கரிம அடுக்குகளின் மொத்தக் கனம் 135 நானோமீட்டர் அளவே. தலைமயிர் ஒன்றின் தடிமனில் அத்தகைய அடுக்குகளைச் சில நூறாவது வைக்கலாம். அடியில் ஒளி ஊடுருவும் மின்முனை, மேலே மக்னீசியமும் வெள்ளியும் கலந்த உலோக மின்முனை. டாங் 2019இல் கியோட்டோ பரிசு பெற்றபோது உலகம் நினைவுகூர்ந்தது இந்தக் கட்டுரையைத்தான்.

அந்த உலோக மின்முனையைக் கவனியுங்கள். மின்சாரம் செலுத்த வந்த அது ஓர் ஆடியும்கூட. அதிலிருந்து சில பத்து நானோமீட்டர் தொலைவில் மூலக்கூறுகள் ஒளிர்கின்றன. அதாவது, ட்ரெக்ஸ்ஹாகேயின் பரிசோதனை அமைப்பு இங்கே தானாகவே அமைந்துவிட்டது. எந்த ஓஎல்இடியும், செய்தவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், அரைகுறை நுண்ணறையே என்பது பின்னால் வந்தவர்கள் கண்டுகொண்ட உண்மை.

இதற்கிடையே ஒரு பெரும் இழப்பு கணக்கில் ஏறியது. டாங்கின் டயோடில் செலுத்திய நூறு மின்னணுக்களுக்கு ஏறத்தாழ ஓர் ஒளித்துகளே வெளியே வந்தது. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று மூலக்கூறுக்குள்ளேயே இருந்தது: மின்சாரத்தால் கிளர்வுறும் மூலக்கூறுகளில் நான்கில் மூன்று பங்கு, ஒளி தராமல் வெப்பமாக வீணாகும் மும்மைநிலைக்குப் போய்விடும். இதை 1998 முதல் ஸ்டீபன் ஃபாரஸ்டும் மார்க் தாம்சனும் தம் குழுவினருடன், பிளாட்டினம், இரிடியம் போன்ற கன உலோகச் சேர்மங்களைக் கொண்டு பெருமளவு சரிசெய்தனர். மற்றொரு காரணம் ஒளியியல் சார்ந்தது. கரிம அடுக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.7. அதற்குள் பிறக்கும் ஒளி எல்லாத் திசைகளிலும் செல்கிறது. சாய்வாகச் செல்வது வெளியேற முடியாமல் முழு அக எதிரொளிப்பால் உள்ளேயே திரும்பிவிடுகிறது. எளிய கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்கே வெளியேறும். மீதி உள்ளேயே அலைந்து அணைந்துபோகும். எவ்வளவு சிறந்த மூலக்கூறைச் செய்தாலும் இந்தச் சுவர் நகராது. வேதியியலார் கைவிரித்த அந்த இடத்தில்தான் ஆடிகள் உள்ளே வருகின்றன.

1993இல், ஓராண்டுக்குள்ளாகவே, ஜப்பானில் இரு இடங்களிலிருந்து கட்டுரைகள் வந்தன. ஹிட்டாச்சி ஆய்வகத்தின் நாகாயாமா குழுவினர் டயோடின் இருபுறமும் ஆடி வைத்து, அகன்ற ஒளிப்பட்டை குறுகி நிறம் தூய்மையடைவதைக் காட்டினர். கியூஷு பல்கலைக்கழகத்தில் தகாடா, ட்சுட்சுயி, சாய்தோ மூவரும் நுண்ணறை அமைப்பின் மூலம் ஒளியின் நிறத்தையும் திசையையும் கட்டுப்படுத்தினர். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆனந்த் தொட்டபலாபூர், லூயிஸ் ராத்பெர்க், திமோதி மில்லர் ஆகியோர் களமிறங்கினர். ஒளிரும் பொருளை மாற்றாமல் அறையின் நீளத்தை மட்டும் மாற்றி வெவ்வேறு நிறங்களைப் பெறலாம் என்று அவர்கள் காட்டியது, நம் பார்வையில், இந்த வரலாற்றின் நடு முடிச்சு. அதுவரை நிறம் வேதியியலின் ஆட்சியில் இருந்தது. அங்கே அது வடிவவியலின் கைக்கும் வந்து சேர்ந்தது.

எண்களைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. ஆடிகளுக்குள் ஒளி ஊடுருவும் சிறு தொலைவை விட்டுவிட்டுத் தோராயமாகச் சொன்னால், அறையின் நீளம் அலைநீளத்தின் பாதியாக இருக்கவேண்டும். 520 நானோமீட்டர் பச்சை ஒளி, ஒளிவிலகல் எண் 1.75 உள்ள பொருளுக்குள் சுமார் 297 நானோமீட்டராகச் சுருங்கும். ஆகவே அறைக்கு ஏறத்தாழ 149 நானோமீட்டர் வேண்டும். 460 நானோமீட்டர் நீலத்துக்கு 131 போதும். 620 நானோமீட்டர் சிவப்புக்கு 177 வேண்டும். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே 18 நானோமீட்டர்தான் வேறுபாடு. பச்சை அறையைக் கட்டும்போது 5 நானோமீட்டர் பிசகினால் நிறம் 17 நானோமீட்டர் நகர்ந்துவிடும். இந்த நுட்பத்தைக் கோடிக்கணக்கான புள்ளிகளில், தொழிற்சாலையில், நாள்தோறும் காப்பாற்றவேண்டும் என்பதை எண்ணும்போது பரிசோதனைச் சாலைக்கும் கடைத்தெருவுக்கும் இடையே ஏன் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பது விளங்கும்.

கடைத்தெருவுக்கு இதைக் கொண்டுவந்ததில் சோனிக்கு முதன்மையான பங்குண்டு. அதுவும் ஒரு நெருக்கடியிலிருந்து பிறந்தது. திரையின் ஒவ்வொரு புள்ளியையும் இயக்க அதற்கடியில் டிரான்சிஸ்டர்கள் வேண்டும். ஒளி கீழ்நோக்கிச் சென்றால் அவை மறைத்துக்கொள்ளும். எனவே ஒளியை மேல்புறமாக அனுப்ப நினைத்தனர். அப்போது மேலுள்ள உலோக மின்முனை குறுக்கே நிற்கிறது. அதை ஒளி ஊடுருவுமளவுக்கு மெல்லியதாக்கியாக வேண்டும். எவ்வளவு மெல்லியதாக்கினாலும் உலோகம் ஒரு பகுதி ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டு ஆடிகளும் அறையும் வேண்டாமென்றாலும் வந்து நின்றன. வந்த தொல்லையை வேலைக்கு அமர்த்திக்கொள்வது என்று சோனி முடிவு செய்தது. 2001இல் 13 அங்குல மாதிரித் திரையை அது காட்டியது. பிறகு சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கனத்தில் அறைகள் அமைத்து, மேலே நிற வடிகட்டிகளும் வைத்து, 2004இல் கிளியே கையடக்கக் கணினியிலும், 2007 டிசம்பரில் எக்ஸ்இஎல்-1 தொலைக்காட்சியிலும் பயன்படுத்தியது. அத்தொலைக்காட்சி 11 அங்குலமே. மிக மெல்லிய இடத்தில் 3 மில்லிமீட்டர். ஜப்பானில் அதன் விலை 2 இலட்சம் யென். விற்பனையில் அது பெரிதாகச் சாதிக்கவில்லை. ஆனால் பின்னர் பல கோடிக் கைகளுக்குப் போன செல்பேசித் திரைகளின் உள்கட்டமைப்பு இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

அந்த ஆண்டுகளில் நம்மைக் கவர்ந்த இன்னொருவர் ஹைக்கே ரீல். இயற்பியல் படிப்பதற்கு முன் மரச்சாமான் செய்யும் தொழிலைப் பயின்றவர். ஐபிஎம் நிறுவனத்தின் சூரிச் ஆய்வகத்தில் 2003இல் அவரும் குழுவினரும், மெல்லிய உலோக மின்முனைக்கும் மேலே துத்தநாக செலினைடு அடுக்கு ஒன்றைப் பூசி, அதன் கனத்தை மாற்றுவதன் மூலம் வெளிவரும் ஒளியைக் கூட்டலாம் என்று காட்டினர். அந்த மேலடுக்கில் மின்சாரம் பாய்வதில்லை. ஒளியைச் சரிசெய்வது மட்டுமே அதன் வேலை. ஆகவே மின்சாரத்துக்கு வேண்டிய கனம் ஒன்று, ஒளிக்கு வேண்டிய கனம் வேறொன்று என்ற பழைய இழுபறி பெரிதும் தளர்ந்தது. இழைப்புளி பிடித்த கைக்கு இந்த யோசனை தோன்றியதில் வியப்பில்லை என்று சொல்ல ஆசைதான். ஆதாரமில்லாத ஆசை.

கோடாக்கின் முடிவையும் சொல்லிவிடுவோம். தான் கண்டெடுத்த தொழில்நுட்பத்தைத் திரையாகக் கொண்ட இலக்கமுறை ஒளிப்படக் கருவியை 2003இல் அது விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2009இல் ஓஎல்இடி தொழிலை எல்ஜிக்கு விற்றது. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. இலக்கமுறை ஒளிப்படத்தை அலட்சியம் செய்ததால் வீழ்ந்தது என்ற ஒற்றை வரிக் கதையை மேலாண்மை நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ட்ரெக்ஸ்ஹாகேயும் டாங்கும் நடமாடிய ஆய்வகம் அந்த ஒற்றை வரிக்குள் அடங்காது என்பது நம் எண்ணம்.

இப்போது தெரிந்தே வாங்கிய குறைக்கு வருவோம். நுண்ணறை ஒளியைப் படைப்பதில்லை. பெரும்பாலும் இடம் மாற்றுகிறது. பக்கவாட்டில் போயிருக்கவேண்டியதை முன்பக்கம் திருப்புகிறது. வேண்டாத அலைநீளங்களில் போயிருக்கவேண்டியதை வேண்டிய அலைநீளத்தில் சேர்க்கிறது. செல்பேசியை நேராகப் பார்ப்பவருக்கு இது கொழுத்த இலாபம்: அதே வெளிச்சத்துக்குக் குறைந்த மின்சாரம், மின்கலம் நீடிக்கும், நிறம் தூயதாகும். ஆனால் சாய்வாகச் செல்லும் ஒளிக்கு அறை குறுகியதுபோல் ஆகிவிடுகிறது. 520 நானோமீட்டருக்குக் கட்டப்பட்ட நம் பச்சை அறை, வெளியிலிருந்து 30 பாகை சாய்ந்து பார்ப்பவருக்கு 498இல் ஒத்ததிரும். 60 பாகைக்கு 452 வரை இறங்கும். அங்கே மூலக்கூறுக்குத் தர ஒளி ஏறக்குறைய இல்லை; எனவே மங்கும். மூன்று நிறங்களும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து மங்குவதால் வெள்ளை தன் சமநிலையை இழக்கிறது. நாம் ஆசிரியர் அறையில் கண்டது இதுதான். ஆப்பிள் நிறுவனம் 2017இல் தன் முதல் ஓஎல்இடி செல்பேசியை வெளியிட்டபோது, கோணத்தில் பார்த்தால் நிறம் சற்று மாறும், அது ஓஎல்இடியின் இயல்பு என்று வாடிக்கையாளருக்கு விளக்கம் எழுதவேண்டி வந்தது. கூடத்தில் பலர் பல திசைகளில் அமர்ந்து பார்க்கும் தொலைக்காட்சிக்கு இந்தப் பேரம் அவ்வளவு கட்டுபடியாகாது. 2013இல் எல்ஜி சந்தைக்குக் கொண்டுவந்த 55 அங்குலத் திரை, வெள்ளை ஒளியை நிற வடிகட்டிகளால் பிரிக்கும் வழியில் சென்றது.

பேரத்தை மாற்றி எழுதும் முயற்சிகள் நடக்கின்றன. 2020இல் சாம்சங் ஆய்வகத்தின் வொன்ஜே ஜூவும், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பிராங்கர்ஸ்மாவும் தம் குழுவினருடன், அடி ஆடியின் மேல் நானோ அளவுத் தூண்களை எழுப்பி, கரிம அடுக்கின் கனத்தை மாற்றாமலே ஒவ்வோர் அறையின் நிறத்தையும் தேர்ந்துகாட்டினர். அங்குலத்துக்கு 10,000 புள்ளிகளுக்கு மேல் நெருக்கமுடியும் என்பது அவர்கள் கண்ட பலன். 2023இல் மால்ட்டே காத்தர் குழுவினர், ஒளியும் மூலக்கூறும் பிரிக்கமுடியாதபடி கலந்து நிற்கும் நிலையைப் பயன்படுத்தி, கோணம் மாறினாலும் நிறம் மாறாத நுண்ணறை டயோடை உருவாக்கினர். இரண்டும் ஆய்வகச் சாதனைகளே.

நமக்கு அதிகம் பிடித்தது 2024இல் நேச்சர் இதழில் வந்தது. நீல ஒளி தரும் மூலக்கூறுகள் ஓஎல்இடியின் நெடுநாள் துயரம். சிவப்பிலும் பச்சையிலும் வெற்றிபெற்ற கன உலோகச் சேர்மங்கள் நீலத்தில் விரைவில் சிதைந்துவிடுகின்றன. நீலத்தின் ஆற்றல் மிகுதி. கிளர்வுற்ற மூலக்கூறு மும்மைநிலையில் அதிக நேரம் காத்திருக்க நேர்ந்தால், அதைப் போன்ற மற்றொன்றோடு மோதி, இரண்டின் ஆற்றலும் சேர்ந்து பிணைப்புகளையே உடைத்துவிடும். காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் ஆயுள் கூடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்த அதே ஃபாரஸ்டின் குழு, மூலக்கூறைத் தொடாமல், மின்முனைகளையும் அறையையும் திருத்தி அமைத்து, அது விரைந்து ஒளியை உமிழ்ந்துவிட்டு அடங்கும்படி செய்தது. நீல டயோடின் ஆயுள் பலமடங்கு நீண்டது. அறை அணுவை அவசரப்படுத்தும் என்ற 1946ஆம் ஆண்டுப் பத்தியின் வேலை அது. கட்டுரைத் தலைப்பிலேயே பர்செலின் பெயர் இருக்கிறது. அவர் 1997 மார்ச்சில் காலமானார். பயோனியர் நிறுவனம் காருக்கான ஒலிக்கருவியில் உலகின் முதல் ஓஎல்இடி திரையை விற்பனைக்கு வைத்ததும் அதே ஆண்டில்தான்.